கப்பலேறிய கிழங்கும் முளைத்த விதையும்: தோட்ட லில்லியின் வரலாற்றில் ஒரு திருப்பம்

முன்னுரை

தமிழில் லில்லி என்ற பெயர் ஒன்றுக்கொன்று உறவில்லாத பல செடிகளுக்கு வழங்குகிறது. குளத்தில் பூக்கும் அல்லியும் லில்லிதான். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் ஆங்கிலப் பெயரின் வழியே லில்லிதான். அல்லி நீர்த்தாவரம். செங்காந்தள், கலப்பை வடிவக் கிழங்கிலிருந்து எழும் கொடி. இக்கட்டுரை ஆராயும் செடி இவ்விரண்டும் அல்ல. தாவரவியலார் லிலியம் என்று வகுத்த பேரினத்தையே இங்கு லில்லி என்று குறிப்பிடுகிறோம். அதில் ஏறத்தாழ 100 இனங்கள் உண்டு. வட அரைக்கோளத்தின் குளிர்நாடுகளும் மலைகளும் அவற்றின் தாயகம்.

இச்செடி ஆண்டுதோறும் மண்ணுக்கு மேல் காய்ந்துவிடும், மண்ணுக்குள் உயிரோடிருக்கும். உள்ளே இருப்பது வெங்காயத்தைப் போன்ற குமிழம். பேச்சு வழக்கில் கிழங்கு. ஆனால் வெங்காயத்துக்கும் துலிப்புக்கும் மேலே காய்ந்த தோல் உண்டு. லில்லிக் கிழங்குக்கு அந்தப் போர்வை கிடையாது. சதைப்பற்றுள்ள செதில்கள் திறந்தபடி அடுக்கியிருக்கும். அடிவேர்களும் ஓய்வுக் காலத்தில் முற்றாகச் சாவதில்லை. துலிப் கிழங்கைக் கோடையில் தோண்டி உலர வைத்துப் பிறகு நடலாம். லில்லியை அப்படி வைத்தால் நாளுக்கு நாள் நலியும்.

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பலருக்கு லில்லி கைக்கு வசப்படாத செடியாகவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதே லில்லி சாதாரண வீட்டுத் தோட்டத்துச் செடியாயிற்று. இம்மாற்றத்துக்குப் புதிய இனங்களின் வரவு மட்டும் காரணமன்று. கிழங்கை இடம்விட்டு இடம் அனுப்பும் வழக்கத்திலிருந்து விதையிலிருந்து செடி எழுப்பும் வழக்கத்துக்குத் தோட்டக்கலை நகர்ந்ததே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கைமாறிய கிழங்கு

மனிதர் வளர்த்த லில்லிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று, மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த வெண்ணிற மடோனா லில்லி. கிரீட் தீவின் ஆம்னிசோசில் கிடைத்த மினோவன் காலச் சுவரோவியத்தில் வெள்ளை லில்லிகள் பூத்து நிற்கின்றன. அந்த ஓவியம் 3,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பிற்காலக் கிறித்தவ ஓவியங்களில் இம்மலர் கன்னி மரியாளின் தூய்மைக்கு அடையாளமாயிற்று. தோட்டங்களில் வளரும் மடோனா லில்லி பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. ஒரு வீட்டில் பெருத்த கொத்தைப் பிரித்து அடுத்த வீட்டில் நடுவார்கள். தோண்டிய கையோடு நட்டதால் வேர் வாடவில்லை; பழகிய மண்ணும் மாறவில்லை. அந்த லில்லி தலைமுறைகளைக் கடந்ததற்கு இந்தக் குறுகிய பயணமே காப்பாக இருந்தது.

நெடும்பயணத்தில் வென்ற முதல் லில்லிகளில் ஒன்று புலி லில்லி. சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் அதன் கிழங்கை உணவுக்காகவே பயிரிட்டு வந்தார்கள். கியூ தாவரவியல் பூங்காவுக்காகச் செடி திரட்டிய வில்லியம் கெர், 1804இல் காண்டனிலிருந்து அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதன் இலைக்கக்கங்களில் கருமணி போன்ற சிறு குமிழ்கள் தோன்றும்; அவை உதிர்ந்த இடத்திலேயே முளைக்கும். எனவே 1812க்குள் 10,000க்கும் அதிகமான கிழங்குகளைக் கியூ பிறருக்கு வழங்க முடிந்தது. இந்த எளிய வெற்றிக்குள் ஒரு தீங்கு ஒளிந்திருந்தது. அதைப் பின்னர் காண்போம்.

கப்பலேறிய கிழங்கு

ஜப்பானின் துறைமுகங்கள் மேலைநாட்டு வணிகத்துக்குத் திறந்ததும் லில்லியின் வரலாறு வேகம் பிடித்தது. அதற்கு முன்பே, தாவரவியலாளர் சீபோல்டு 1830களில் ஸ்பெசியோசம் லில்லியை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்திருந்தார். 1862இல் வீச் என்ற நாற்றங்கால் நிறுவனத்தார் ஜப்பானின் தங்கப்பட்டை லில்லியான ஆரட்டத்தை லண்டனில் காட்சிக்கு வைத்தனர். அகன்ற வெள்ளை இதழ். ஒவ்வோர் இதழின் நடுவிலும் பொன்வரி. அறையை நிறைக்கும் மணம். பார்த்தவர்கள் அனைவரும் அதை விரும்பினர். யோகோகாமா துறைமுகத்திலிருந்து கிழங்குகள் லட்சக்கணக்கில் கப்பலேறின. ஹென்றி ஜான் எல்விஸ் 1877க்கும் 1880க்கும் இடையில் வெளியிட்ட லில்லிப் பேரினத் தொகுப்பும், அதற்கு வால்டர் ஹூட் பிட்ச் வரைந்த பெரிய வண்ணப்படங்களும் அந்த ஆர்வத்தின் உச்சத்தைக் காட்டுகின்றன.

ஆனால் வாங்கிய கிழங்கு முதலாண்டு பூத்தது, இரண்டாமாண்டு மெலிந்தது, மூன்றாமாண்டு பாத்தி வெறுமையாயிற்று. இந்த அனுபவம் தோட்டந்தோறும் திரும்பத் திரும்ப நேர்ந்தது. பலர் குளிரைப் பழித்தனர். குளிர் காரணமன்று, ஆரட்டத்தின் தாயகமான ஹோன்சூவிலும் பனி பெய்கிறது. அங்கே அது எரிமலைச் சாம்பல் கலந்த சரிவுகளில், புல்லும் புதரும் அடியை நிழலாக்கும் இடத்தில் வளர்கிறது. மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. மண்ணில் சுண்ணாம்பு இல்லை. அதே கிழங்கு வேர் நறுக்கப்பட்டு, வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து, இங்கிலாந்தின் ஈரக் களிமண்ணில் புதைக்கப்பட்டது. அடித்தட்டைப் பூசணம் தின்றது. இது முதல் காரணம். இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது.

தேமல் வெளிப்பட்ட கதை

துலிப்பின் வரலாறு இங்கே லில்லியின் வரலாற்றோடு சேர்கிறது. 1630களில் ஹாலந்தில் பெரும் விலைக்குக் கைமாறிய துலிப் பூக்களின் சிறப்பு, இதழில் தீப்பிழம்பாக ஓடிய வண்ணக் கோடுகள். அக்கோடுகள் எதனால் தோன்றுகின்றன என்பது ஏறத்தாழ 300 ஆண்டுகள் விளங்கவில்லை. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணியாற்றிய டோரதி கேலி, கோடு விழுந்த கிழங்கின் திசுவை நல்ல கிழங்கோடு ஒட்டினால் அதற்கும் கோடு தொற்றுவதை 1920களின் இறுதியில் காட்டினார். அழகென்று கொண்டாடியது நோய் என்று தெரிந்தது. அந்த வைரசைச் செடிக்குச் செடி சுமப்பது அசுவினி.

துலிப்பைக் கோடிட்ட வைரஸ் லில்லியையும் தொற்றும். லில்லியில் அது இலையில் வெளிர்த் தேமலாகவும் முறுக்கிய பூவாகவும் மெல்ல வரும் நலிவாகவும் தெரியும். ஆரட்டம் அதற்கு எளிதில் மடியும் இனம். புலி லில்லியோ தொற்றைத் தாங்கிக்கொண்டு, வெளியே எந்தக் குறியும் காட்டாமல் செழிக்கும். கியூ அன்போடு பகிர்ந்த அச்செடி, தோட்டந்தோறும் தேமலின் மறைவிடமாக நின்றிருக்கக் கூடும். புலி லில்லியை மற்ற லில்லிகளிலிருந்து தள்ளி நடவேண்டும் என்ற பிற்கால அறிவுரை இதிலிருந்தே பிறந்தது.

இந்த ஆராய்ச்சிகள் மற்றோர் உண்மையையும் தெளிவாக்கின. தாய்ச்செடியின் வைரஸ் அதன் கிழங்குக்கும் செதிலுக்கும் குறுங்குமிழுக்கும் போகும். லில்லியைத் தாக்கும் முக்கிய வைரஸ்கள் விதைக்குள் பொதுவாக இறங்குவதில்லை. நோயுற்ற தாயிடமிருந்தும் நோயற்ற பிள்ளையைப் பெறலாம். அதற்கு விதை ஒன்றே அன்றைய வழி.

மின் ஆற்றுப் பள்ளத்தாக்கு

இந்த உண்மைக்கு உருக்கொடுத்த இனம் ரீகேல் லில்லி. செடி திரட்டுவதற்காகச் சீனம் சென்ற எர்னஸ்ட் ஹென்றி வில்சன் 1903இல் அங்கே சிச்சுவான் மாநிலத்தில், மின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அதைக் கண்டார். சுட்டெரிக்கும் கோடையும் உறையவைக்கும் குளிரும் மாறிமாறி வரும் வறண்ட பள்ளத்தாக்கு அது. பாறையிடுக்குகளில் ஆயிரமாயிரமாக வெள்ளைப் பூக்கள். இதழின் வெளிப்புறம் ஊதாச் சாயல், தொண்டை மஞ்சள்.

1908இல் அவர் அமெரிக்காவுக்கு அனுப்பிய கிழங்குகள் பெரும்பாலும் வழியில் அழுகின. பழைய கதையே மீண்டும் நடந்தது. வில்சன் 1910இல் மறுபடியும் அதே பள்ளத்தாக்குக்குப் போனார். திரும்பும் வழியில் மலைச்சரிவு அவர் காலை இரண்டு இடங்களில் முறித்தது. புகைப்படக் கருவியின் முக்காலியைக் கட்டையாக வைத்துக் காலைக் கட்டினார்கள். ஒற்றையடிப் பாதையில் எதிரே வந்த கோவேறு கழுதைகள் ஏறத்தாழ 50, படுத்திருந்த அவரைத் தாண்டிச் சென்றன. ஒரு குளம்பும் அவர்மேல் படவில்லை. அந்தப் பயணத்தில் திரட்டிய 6,000க்கும் மேற்பட்ட கிழங்குகள் பாஸ்டனை அடைந்து உயிர்பிடித்தன. வில்சனின் கால் வாழ்நாள் முழுவதும் குட்டையாகவே இருந்தது.

ரீகேல் பரவியதற்குக் கிழங்குகளின் எண்ணிக்கையைவிட அதன் விதையே பெரிய காரணம். விதைத்த சில வாரங்களில் முளைக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கும். ஒரு விதைப்பெட்டி வைத்திருந்த எவரும் நூறு செடிகளை நோயின்றி எழுப்பலாம். லில்லி செல்வந்தரின் பெட்டியிலிருந்து எளியவரின் பாத்திக்கு இறங்கியது இந்த இடத்தில்தான்.

விதைப்பாத்தியில் பிறந்த வகைகள்

விதையை நம்பியதும் கலப்பினம் எளிதாயிற்று. கனடாவின் குவெல்பில் இசபெல்லா பிரஸ்டன் 1916இல் ரீகேலையும் சார்ஜென்டி லில்லியையும் இணைத்துப் பெற்ற உயர்ந்த வெள்ளை லில்லிக்குத் தம் கல்லூரித் தலைவர் ஜார்ஜ் கிரீல்மனின் பெயரிட்டார். பின்னர் ஒட்டாவாவின் மத்தியப் பண்ணையில் அவர் உருவாக்கிய ஒரு வரிசைக்கு அங்கே பணியாற்றிய சுருக்கெழுத்தாளர்களின் பெயர்களைச் சூட்டினார். சாஸ்கட்டூனில் சி. எப். பேட்டர்சன், உறைபனி ஆழமாக இறங்கும் புல்வெளி நிலத்துக்கு ஏற்ற லில்லிகளைத் தேர்ந்தெடுத்தார். அங்கே பிழைத்த நாற்றுக்கே இடம். குளிர் தாங்கும் தன்மை என்பது இப்படிப் பாத்தியிலேயே சோதித்துப் பெறப்பட்டது.

ஹாலந்தின் கிழங்கு வணிகக் குடும்பத்தில் பிறந்த ஜான் டி கிராஃப், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பண்ணையில் இதையே பேரளவில் செய்தார். 1940களில் அங்கே பிறந்த 'என்சான்ட்மென்ட்' என்ற செம்மஞ்சள் லில்லி, மேல்நோக்கிப் பூப்பதால் வெட்டுமலர் வணிகத்தை வென்றது. லெஸ்லி உட்ரிஃப் ஸ்பெசியோசத்தையும் தேமலைத் தாங்கும் ஹென்றி லில்லியையும் இணைத்து 'பிளாக் பியூட்டி'யைப் பெற்றார். 1970களில் உருவாகி உலகெங்கும் பரவிய 'ஸ்டார்கேசர்' அவருடைய மற்றொரு படைப்பு.

ஒரு மறுப்பையும் இங்கே எதிர்கொள்ள வேண்டும். சிறந்த வகையைப் பெருக்க மீண்டும் செதிலையே நாடுகிறார்கள். விதை தாயை அப்படியே தராது. செதிலோடு வைரசும் திரும்புகிறது. திசு வளர்ப்பின் மூலம் நுனிமொட்டிலிருந்து தூய கன்றுகளை எடுப்பது பிற்காலத்தில் இதற்குத் தீர்வாயிற்று. ஆயினும் ஆய்வுக்கூடமில்லாத வீட்டுத் தோட்டக்காரருக்கு விதைதான் இன்றும் கைக்கெட்டிய மருந்து.

நீலகிரியின் சொந்த லில்லி

இந்த உலக வரலாற்றில் தமிழகத்துக்கும் ஒரு மெய்யான பங்கு உண்டு. நீலகிரி, பழனி முதலான மலைகளின் புல்வெளிகளில் நீண்ட வெள்ளை ஊதுகுழல் போன்ற மணமுள்ள லில்லி மழைக்காலத்தில் பூக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட், 1853இல் தம் பெருந்தொகுப்பின் இறுதித் தொகுதியில் அதற்கு நீலகிரியின் பெயரையே இட்டார். ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்களின் கைத்திறனால் உயர்ந்த படைப்பு அது. உலகின் இயற்கை லில்லிகளுள் மிகத் தெற்கே வாழ்வது இதுவே. சரிவான புல்வெளியும் வடியும் மண்ணும் குளிர்ந்த காற்றும் இதன் தேவைகள். சீகையும் தைலமரமும் புல்வெளியை விழுங்கும்போது இதன் வீடும் சுருங்குகிறது. இக்கிழங்கைத் தோண்டிக் கீழ்நாட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவருவது, யோகோகாமாவின் தவற்றை நம் மலையில் மீண்டும் செய்வதாகும்.

தேர்வும் வளர்ப்பும்

வரலாறு கற்பித்தவற்றைத் தோட்ட நடைமுறையாக இவ்வாறு தொகுக்கலாம். கனமான, விறைப்பான, அடியில் உயிர்வேர் உள்ள கிழங்கையே வாங்க வேண்டும். சுருங்கியதையும் வேர் ஒட்ட நறுக்கியதையும் ஒதுக்க வேண்டும். வாங்கிய உடனே நட வேண்டும். பெரும்பாலான ஆசிய லில்லிகள் கிழங்குக்கு மேலுள்ள தண்டிலும் வேர்விடும். ஆகவே 15 செ.மீ. ஆழம் வேண்டும். மடோனா லில்லிக்கு மேலே மூன்று செ.மீ. மண் போதும். ஆரட்டமும் ஸ்பெசியோசமும் அமில மண்ணை விரும்பும்; மடோனா, ஹென்றி, மார்த்தகான் ஆகியவை சுண்ணாம்பு மண்ணையும் ஏற்கும். களிமண்ணில் மேட்டுப்பாத்தி எழுப்பி, மணலும் இலைமக்கும் சேர்ப்பது நல்லது. தலைக்கு வெயிலும் அடிக்கு மூடாக்கும் தேவை. தேமல் கண்ட செடியைத் தயங்காமல் அகற்ற வேண்டும். லில்லி பூனைக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு என்பதால் பூனை வளர்ப்போர் கவனமாக இருக்க வேண்டும். பூப்பதற்கு நீண்ட குளிர் தேவைப்படுவதால், சமவெளியைவிட ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களே இதற்குப் பொருந்தும்.

முடிவுரை

தாங்கும் தன்மை கிழங்கோடு பிறந்து வரும் குணம் மட்டுமல்ல. செடிக்கும் இடத்துக்கும் இடையே அமையும் பொருத்தம். லட்சக்கணக்கான ஆரட்டம் கிழங்குகள் அப்பொருத்தம் இல்லாமல் மடிந்தன. வந்த மண்ணிலேயே முளைத்து, அதன் மழையையும் பனியையும் முதல் இலையிலிருந்தே பழகிய நாற்றுகள் நிலைத்தன. லில்லி வளர்க்க விரும்புவோர் ஒரு நல்ல கிழங்கோடு ஒரு பிடி ரீகேல் விதையையும் சேர்த்துப் பெறட்டும். கிழங்கு வரும் கோடையிலேயே பூக்கலாம். மூன்றாவது கோடையில் விதைப்பெட்டியிலிருந்து எழும் பூ, அந்தத் தோட்டத்துக்கே உரியதாக இருக்கும்.