கொல்லைப்புறத்திலிருந்து வீட்டுக்குள் வந்த பாத்ரூம்

உப்பிலியபுரம் பக்கம் இன்று புது வீடு கட்டுபவர்கள் கடை கடையாக ஏறி இறங்கி பாத்ரூம் டைல்ஸ் தேர்வு செய்கிறார்கள். சில தலைமுறைகளுக்கு முன்பு பல வீடுகளில் குளியல் கிணற்றடியில், மற்றது காட்டில்!

இது மாறிய கதை திருச்சி மாவட்டத்திலேயே இருக்கிறது. 1987-ல் தொடங்கிய கிராமாலயா அமைப்பின் முயற்சியால், திருச்சி நகரின் கல்மந்தை 2002-லும் தாண்டவம்பட்டி கிராமம் 2003-லும் திறந்தவெளியில் மலம் கழிப்பதை நிறுத்தின. அமைப்பை நிறுவிய தாமோதரனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

முசிறியில் சிக்கலே வேறு. காவிரிக் கரை என்பதால் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். குழி வெட்டினால் கழிவு நிலத்தடி நீரில் கலந்துவிடும். அதனால் ஸ்கோப் அமைப்பின் சுப்புராமன், தரைக்கு மேலே தொட்டி கட்டி மலத்தையும் சிறுநீரையும் தனியே பிரித்து உரமாக்கும் 'ஈகோசான்' கழிப்பறைகளைக் கொண்டுவந்தார். 2008-ல் அங்கே பொதுக் கழிப்பறைக்குப் போய்வந்தவர்களுக்கே தடவைக்கு 10 பைசா தந்தார்கள். (பஸ் ஸ்டாண்டில் காசு கொடுத்துப் பழகிய நமக்கு இது அதிசயம்தான்!)

ஆனால் தொட்டி மேலே இருந்தால் படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்கும் பாட்டி என்ன செய்வார்? சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை 1:12 என்பது விதி. ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். கொல்லையில் அவ்வளவு இடம் ஏது? 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களைத்தான் கேள்வி கேட்கிறது. சொந்த வீட்டில் வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ், இரவில் தடவாமல் எட்டும் சுவிட்ச், வெளிப்பக்கம் திறக்கும் கதவு எல்லாம் கட்டுபவர் பாடு. கைப்பிடி எங்கே வரும் என்பதை டைல்ஸ் ஒட்டும் முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும்.