வாங்கிய கிதாரும் சுமத்திய பறையும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் நீளும் தோல் நகரங்களின் தொழில் வரலாற்றை எழுத ஆவணங்களுக்குக் குறைவில்லை. ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1904-இல் சென்னை மாகாணத்துத் தோல் தொழிலைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். அந்தத் தொட்டிகளில் இறங்கி உழைத்தவர்களின் இசை வரலாற்றை எழுதப் போனால்தான் கைக்கு எதுவும் அகப்படுவதில்லை. தோலில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பறையர், அருந்ததியர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பறை என்னும் தோல்கருவியைத் தலைமுறை தலைமுறையாக வாசித்தவர்களும் அவர்களே. கிராமத்தை விட்டு ஆலைக் கூலிக்கு வந்த ஒடுக்கப்பட்ட மக்கள், தங்கள் இசையையும் உடன் கொண்டுவந்து, அதை நகரத்துக்கேற்ப உரக்க ஒலிக்கச் செய்து, உலகமே கேட்கும் இசைத்தட்டுகளாக்கிய வரலாறு ஒன்று உண்டு. அது சிகாகோவின் கருப்பின மக்களுடைய எலெக்ட்ரிக் புளூஸ் இசையின் வரலாறு. அத்தகைய ஒன்று ஆம்பூரில் ஏன் நிகழவில்லை? வறுமை, ஒலிப்பதிவு வசதியின்மை என்று சொல்லப்படும் காரணங்கள் போதுமானவை அல்ல. சிகாகோவுக்கு வந்தவர்களும் ஏழைகள்தான். சென்னையிலோ 1930-களில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்ற நிறுவனங்கள் இசைத்தட்டுகளை விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தன. காரணம் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து: கிதார், வாசித்தவர் தாமே விரும்பி வாங்கிய கருவி; பறையோ, வாசித்தவர் தோளில் ஊர் ஏற்றிய கடமை.

முதலில் சிகாகோவைப் பார்ப்போம். புளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டோவல் பண்ணையில் வளர்ந்தவர்; அங்கே டிராக்டர் ஓட்டியவர். இளம் வயதில் இரண்டரை டாலர் கொடுத்து ஒரு கிதார் வாங்கினார். சியர்ஸ் போன்ற நிறுவனங்களின் விலைப்பட்டியலைப் பார்த்து, தபாலில் மலிவான கிதாரை வரவழைக்க அன்று தெற்கின் கருப்பின உழவர்களால் முடிந்தது. 1941-இல் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் அந்தப் பண்ணைக்கே போய், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். 1943-இல் அவர் சிகாகோவுக்கு ரயிலேறினார். காகித ஆலையில் வேலை செய்தார், லாரி ஓட்டினார், இரவில் மதுக்கடைகளில் வாசித்தார். சனிக்கிழமைக் கூட்டத்தின் இரைச்சலில் மரக்கிதார் எடுபடவில்லை. எலெக்ட்ரிக் கிதார் கைக்கு வந்தது. அந்த ஒலி அழகியல் தேர்வாகத் தொடங்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கூலி வாங்கிய மக்கள் கூடிய இடம் இரைச்சலான இடம். அவர்களுக்காக வாசித்தவர் அந்த இரைச்சலை மீற வேண்டியிருந்தது. மதுக்கடை நடத்திய லியோனார்ட் செஸ், அவர் தம்பி ஃபில் செஸ் என்னும் போலந்து யூதக் குடியேறிகளின் நிறுவனம் 1948 முதல் அந்த ஒலியை ஒற்றைப் பாட்டுத் தட்டுகளாக விற்றது. ஆல்பம் பிறகுதான் வந்தது. 1958-இல் வெளியான ‘தி பெஸ்ட் ஆஃப் மடி வாட்டர்ஸ்’, அதற்கு முந்தைய பத்தாண்டுத் தட்டுகளின் தொகுப்பே. அடுத்த ஆண்டு ஹவ்லின் வுல்ஃபின் ‘மோனின் இன் தி மூன்லைட்’ வந்ததும் அவ்வாறே. வுல்ஃபின் குரலோடு பிணைந்து ஒலிக்கும் ஹூபர்ட் சம்லினின் கிதாரைப் பின்னாளில் எத்தனையோ ராக் கலைஞர்கள் பாடமாகப் படித்தார்கள். பி.பி.கிங் 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் அரங்கில் வாசித்தது, மறு ஆண்டு ‘லைவ் அட் தி ரீகல்’ ஆயிற்று. அந்த ஆல்பத்தில் கிதாரின் ஒவ்வொரு சுரத்துக்கும் அரங்கம் கூவி விடை சொல்கிறது. தம்மைப் போலவே தெற்கிலிருந்து வந்த மக்கள் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி எதிரே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் அந்த இசையின் பாதி பலம்.

சிகாகோவும் ஒருவகையில் தோல் நகரம்தான். 1865-இல் திறந்த அதன் மாட்டுச் சந்தையும் அதைச் சுற்றி எழுந்த இறைச்சி ஆலைகளும் தெற்கிலிருந்து வந்த கருப்பின மக்களுக்குப் பெருமளவில் வேலை கொடுத்தன. புளூஸ் பாடகர் ஜிம்மி ரீட்கூட இறைச்சி ஆலையில் வேலை பார்த்தவர். நம் பக்கத்துத் தோலும் அமெரிக்காவைத் தொட்டிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் முறை சென்னை மாகாணத்தில் வேரூன்றி, அத்தோல்கள் லண்டனுக்குப் போயின. 1890-களில் ஃபிலடெல்ஃபியாவின் ஆலைகள் குரோம் முறையில் ஆட்டுத்தோலைப் பதனிடத் தொடங்கியதும், நம் வெள்ளாட்டுத் தோல்கள் பதனிடப்படாமலே அங்கே கப்பலேறின. இந்த ஏற்றுமதி கிராமத்துக்குள் என்ன செய்தது என்பதே நமக்கு முக்கியம். செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும், சாவுச் செய்தி சொல்வதும், இழவுக்கும் திருவிழாவுக்கும் பறை அடிப்பதும் சேரி மக்கள்மேல் ஊர் சுமத்திய வேலைகள். களத்து மேட்டில் அளக்கும் தானியமும் செத்த மாட்டின் தோலும் அதற்கான கூலி. தோலுக்கு லண்டனிலும் நியூயார்க்கிலும் விலை ஏறியபோது அந்தத் தோல் தரகர் வழியாக மண்டிக்கும், மண்டியிலிருந்து வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் போயிற்று. கடமை மட்டும் கிராமத்தில் தங்கியது. அதற்கு ஈடாக இருந்த உரிமை தளர்ந்தது. தோலைப் பின்தொடர்ந்து மனிதர்களும் தொழிற்சாலைக்கு வந்தார்கள்.

வந்தவர்கள் பறையை ஏன் உடன் கொண்டு வரவில்லை? கருவியின் அமைப்பில் ஒரு விடை உண்டு. மரத்துண்டுகளை இணைத்துச் செய்த வட்டச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, இழுத்துக் காயவைத்த பச்சைத்தோல்தான் பறையில் ஒலிக்கும். நெருப்பில் வாட்டினால் அது இன்னும் இறுகிக் கணீரென்று பேசும். ஆவாரம்பட்டையோ குரோமோ ஏறிய தோல் மெத்தென்று ஆகிவிடும்; செருப்புக்கு உதவும், பறைக்கு ஆகாது. தொழிற்சாலைக்குள் நுழைந்த தோல் ஒலிக்கும் தன்மையை இழந்தே வெளியே வந்தது. ஆனால் இதை முதன்மைக் காரணமாக நான் கொள்ளவில்லை. பச்சைத்தோல் ஒன்றும் கிடைக்காத பொருள் அல்ல. அடிக்கச் சொன்னால் அடித்தே தீர வேண்டிய கருவியாகப் பறை இருந்தது என்பதே காரணம். அதை வாசிக்க மறுத்தவருக்கு ஊரில் வேலை மறுக்கப்பட்டது, அடி விழுந்தது. அந்த ஊரை விட்டு வெளியேறுகிறவர் முதலில் இறக்கி வைப்பது அந்தக் கடமையின் அடையாளத்தைத்தான். அமெரிக்க வரலாறு இதற்கு நேர் எதிராக ஓடியதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1739-இல் ஸ்டோனோவில் அடிமைகள் கலகம் செய்தபின், தென் கரோலினாவில் 1740-இல் இயற்றிய சட்டம் அவர்கள் முரசு வைத்திருப்பதையே தடை செய்தது. அங்கே ஆண்டைகள் முரசைப் பறித்தார்கள். இங்கே ஆண்டைகள் முரசைத் திணித்தார்கள். அடித்தால் குற்றம் என்ற இடத்தில் இசை விடுதலையின் பக்கம் நின்றது. அடிக்காவிட்டால் குற்றம் என்ற இடத்தில் விடுதலை என்பது இசையை நிறுத்துவதாக இருந்தது.

இதற்கு மறுப்புகள் உண்டு. புளூசுக்கும் இழிவு கற்பிக்கப்பட்டதே என்று கேட்கலாம். உண்மைதான், கருப்பினத் திருச்சபைகளில் அதைச் சாத்தானின் இசை என்றார்கள், படித்த கருப்பினக் குடும்பங்கள் பல அதை வீட்டுக்குள் விடவில்லை. ஆனால் அது பாடுகிறவரின் ஒழுக்கத்தைப் பற்றிய பழி. கிதார் வாசிக்க மறுத்த காரணத்துக்காக மிசிசிப்பியில் ஒருவர் குடிசையை இழக்கவில்லை. அங்கே கட்டாயம் பருத்தியில் இருந்தது. கிதார் அந்தக் கட்டாயம் ஓயும் நேரத்துக்கு உரியது. இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. தோல் தொழிற்சாலைக் கூலியை விடுதலை என்று எப்படிச் சொல்வது? சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவரின் கைகால்கள் வெந்தன, சாதி அவரை அந்தத் தொட்டியிலும் விடவில்லை, கழிவு பாலாற்றைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை அந்தக் கேடு தேசத்தின் கண்ணில் பெரிதாகப் படவில்லை. இவை அனைத்தையும் ஏற்கிறேன். நான் சொல்வது குறுகிய ஒன்றை மட்டுமே: கூலி கொடுத்தவர் அவரைப் பறையடிக்கக் கூப்பிட முடியாது. தோலில் வேலை கேவலமாகவே எண்ணப்பட்டாலும், இழவு வீட்டில் அழைத்தபோதெல்லாம் போய் நிற்க வேண்டிய நிலையிலிருந்து அது ஒருவரை விலக்கியது. அந்த விலகல் அரசியலாகவும் வளர்ந்தது. அயோத்திதாசர் முன்னெடுத்த தமிழ்ப் பௌத்தம், தோல் நகரங்களை அடுத்த திருப்பத்தூரிலும், வடஆர்க்காட்டுத் தொழிலாளர்கள் திரளாகச் சென்ற கோலார் தங்கவயலிலும் கிளைவிட்டது. தென்னார்க்காட்டில் தலித் தலைவர் இளையபெருமாள், பறையடிப்பதையும் செத்த மாடு தூக்குவதையும் நிறுத்தச் சொல்லி இயக்கம் நடத்தினார். 1989-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது வேலூரும் ஆம்பூரும் அடங்கிய பகுதி வடஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றே பெயர் பெற்றது.

அப்படியானால் பறையடிக்க மாட்டோம் என்ற இந்த மறுப்பு இயக்கம் ஒரு கலையைக் கொன்றுவிட்டதா? நாட்டார் கலைகளின் மேல் அக்கறை கொண்டவர்கள் பலர் இப்படி வருந்துகிறார்கள். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்க மாட்டேன். பறையைத் திரும்ப மேடையேற்றியவர்கள் யார் என்று பாருங்கள். மதுரை இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, மிஷன்கள் பொதுவாக ஒதுக்கியே வைத்திருந்த பறையை வழிபாட்டுக்குள் கொண்டு வந்தார். பறட்டை என்ற பெயரில் பாட்டுக் கட்டினார். 1990-களில் தலித் கலை விழாக்கள் அதை அறிவிப்போடு, பெருமையோடு முழக்கின. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். இவர்கள் அனைவரும் மறுப்பு இயக்கத்தின் வாரிசுகள். அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை கைக்கு வந்த பிறகுதான், அடிக்கிறேன் என்பது ஒருவரின் சொந்த முடிவாக இருக்க முடிந்தது. சிகாகோவில் இசைத்தட்டு செய்த வேலையை இங்கே கேசட் செய்தது. இன்குலாப் எழுதி கே.ஏ.குணசேகரன் பாடிய ‘மனுசங்கடா’ வானொலியும் சினிமாவும் துணையில்லாமல் ஊர் ஊராகப் போனது. பறை தன் கடமையிலிருந்து பிரிந்த அந்த இடைவெளி, புளூசுக்குத் தேவைப்படாத ஓர் இடைவெளி. பல பத்தாண்டுகள் நீண்ட அந்தத் தாமதத்தைப் பண்பாட்டு வறட்சி என்று படிப்பது தவறு.

அந்தத் தாமதத்துக்கு ஒரு விலை இருந்தது, அது பெயர்கள். ஸ்டோவல் பண்ணையில் பதிவு செய்தவர்கள் பாடியவரின் பெயரை எழுதிக்கொண்டார்கள். செஸ் நிறுவனத்தின் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பெயர் அச்சாகியிருந்தது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் சாதிகள் இருக்கின்றன, உடல் அளவுகள் இருக்கின்றன; பறை வாசித்தவர்களோ தனி மனிதர்களாக அல்லாமல் ஒரு சாதியாகவே பதிவானார்கள். பெயர் இருந்ததால்தான் பிற்காலத்தில் கணக்குக் கேட்கவும் முடிந்தது. செஸ் கலைஞர்களின் பாட்டுரிமையை வைத்திருந்த ஆர்க் மியூசிக் மீது 1970-களில் புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சனும் மடி வாட்டர்ஸும் வழக்குத் தொடுத்தார்கள். 1980-களில் டிக்சன், லெட் செப்பெலின் என்னும் ராக் குழுவின் மீதும் வழக்கிட்டு உடன்பாடு கண்டார். பண்ணையிலிருந்து தப்பியவர்களை ஒப்பந்தக் காகிதத்தில் ஏமாற்றியது அந்தத் தொழில் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்குப் போட ஒரு வாதி வேண்டும். ஒரு தாளக்கட்டு சினிமாவில் ஒலிக்கும்போது அதைக் கட்டியவர் யார் என்று கேட்க, பறைக்கு இன்னும் பெயர்களைப் பதிந்த ஏடு இல்லை.

இன்று வேறொரு சர்ச்சை நடக்கிறது. பச்சைத்தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் பரப்பு ஏறிய பறைகள் பரவிவிட்டன. மழையில் தளராது, நெருப்பில் வாட்ட வேண்டாம். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, திரைப்பட இயக்குநர் பா.ரஞ்சித்தின் முயற்சியிலும் தென்மாவின் இசைப் பொறுப்பிலும், கானாவையும் பறையையும் எலெக்ட்ரிக் கிதாரோடு ஒரே மேடையில் நிறுத்தியது. இதெல்லாம் மரபுக் கலப்படம் என்கிறார்கள். பிளாஸ்டிக்கில் அந்தக் கணீர் ஒலி குறைகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1958-இல் மடி வாட்டர்ஸ் இங்கிலாந்துக்குப் போய் எலெக்ட்ரிக் கிதாரை முழக்கியபோது, பண்ணைப் பாட்டை எதிர்பார்த்து வந்த விமர்சகர்கள் சிலர் கிதார் அலறுகிறது என்று குறைபட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து அவர் மரக்கிதாரோடு போனால், அதற்குள் எலெக்ட்ரிக் புளூஸ் பைத்தியமாகியிருந்த இளைஞர்கள் ஏமாந்தார்கள். 1964-இல் செஸ் நிறுவனம் அவரை ‘ஃபோக் சிங்கர்’ என்ற மரக்கிதார் ஆல்பத்தில் பாடவைத்தது. 1968-இல் ‘எலெக்ட்ரிக் மட்’ என்று ராக் இரைச்சலுக்கு நடுவே நிறுத்தியது. கேட்பவர்களும் விற்பவர்களும் அவருக்கு வரைந்த மரபு பத்தாண்டுக்குள் இத்தனை முறை மாறியது. அவரோ சிகாகோவில் தன் குழுவோடு, தன் கூட்டத்துக்கு, தனக்குச் சரியென்று பட்ட ஒலி அளவில் வாசித்துக்கொண்டிருந்தார். பறையின் தோலும், அதை வாட்டும் நெருப்பும், அதன் பக்கத்தில் நிற்கும் கருவியும் எதுவாக இருக்க வேண்டும் என்பதை இதுவரை ஊர் சொல்லிவந்தது. இப்போது ஆய்வாளருக்கும் ரசிகருக்கும் அந்த இடத்தில் ஏறி நின்று சொல்வதற்கு உரிமை இல்லை. அந்த முடிவு தோளில் பறையை மாட்டியிருப்பவருடையது.