ஓலைக் கீறலும் பாறைத் துளையும்

மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையோரத்தில் அலுவிகாரைப் பாறைகள் நிற்கின்றன. வாய்வழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயனின் காலத்தில், இங்குதான் முதன்முதலாக ஏட்டில் ஏறியது என்பது மரபு. பஞ்சமும் போரும் மலிந்த நாள்கள் அவை. ஓதத் தெரிந்தவர்கள் மாண்டால் ஓதப்பட்டதும் மாண்டுவிடும் என்ற அச்சமே பிக்குகளின் கையில் எழுத்தாணியைக் கொடுத்தது. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அவ்விகாரையின் ஏடுகள் பெரும்பாலும் அழிந்தன. ஏடெழுதும் கலை மட்டும் தப்பியது.

அக்கலையில் ஒரு நுட்பம் உண்டு. எழுத்தாணியால் கீறியவுடன் ஓலையில் எழுத்து துலங்குவதில்லை. தும்மல என்னும் மரப்பிசினிலிருந்து வடித்த எண்ணெயில் கரித்தூளைக் குழைத்து, ஓலை முழுவதும் பூசித் துடைப்பார்கள். மேற்பரப்பில் படிந்த மை போய்விடும். கீறலுக்குள் புகுந்தது போகாது. நம் முன்னோர் சுவடிகளுக்கு விளக்குக்கரி பூசியதும் இதே முறையில்தான். நுண்ணிய இடுக்கில் நுழைந்த எண்ணெயைப் பரப்பு இழுவிசை விடாமல் பற்றிக்கொள்கிறது.

ஏடெழுதுவோருக்கு நட்பாக இருந்த அவ்விசை, எண்ணெய்க் கிணறு தோண்டுவோருக்குப் பகையாயிற்று. நிலத்தடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கிக் கிடப்பதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது பாறையின் மயிரிழைத் துளைகளுக்குள் துளித்துளியாகச் சிக்கியிருக்கிறது. தானாகப் பீறிடுவதை எடுத்து, நீரைச் செலுத்தித் தள்ளிய பிறகும், பல வயல்களில் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் உள்ளேயே தங்கிவிடுகிறது. அதை அசைக்க வேண்டுமானால், எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலுள்ள இழுவிசையை ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும்.

அதற்கான வழி எண்ணெய் வயலில் பிறக்கவில்லை. 1943இல், உலகப் போரின் நடுவே, ஹோர், ஷுல்மன் என்ற இருவர் கேம்பிரிட்ஜில் ஒரு விந்தையைக் கண்டனர். சவர்க்காரத்தோடு ஒருவகை ஆல்ககாலையும் சேர்த்தால், எண்ணெயும் நீரும் பால்போல வெளுக்காமல் கண்ணாடிபோலத் தெளிந்து நின்றன. துளிகள் ஒளியலையினும் சிறியவை. கடைய வேண்டிய தேவையின்றித் தாமே உருவானவை. நுண்பால்மம் என்று பொருள்படும் பெயரை 1959இல்தான் ஷுல்மன் குழுவினர் அதற்குச் சூட்டினர்.

ஷுல்மனிடம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர் இந்தியரான தினேஷ் ஷா. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்ததும், சில மாதங்களில் பீப்பாய் விலை ஏறத்தாழ 3 டாலரிலிருந்து 12 டாலருக்குத் தாவியது. பாறைக்குள் விட்டுவந்த எண்ணெய் திடீரென எல்லோருடைய நினைவுக்கும் வந்தது! புளோரிடாவில் ஷா நடத்திய ஆய்வுகளும், 1977இல் ஷெக்டரோடு சேர்ந்து அவர் பதிப்பித்த நூலும் இத்துறையின் அடித்தளங்களுள் அடங்கும். ஆனால் 1986இல் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. களச் சோதனைகள் பல கைவிடப்பட்டன. வேதியியல் தோற்றதாக அன்று பேசினார்கள். அது நியாயமற்ற பேச்சு. மருந்தின் பெரும்பகுதியைப் பாறையே உறிஞ்சிவிடும்; மலிந்த எண்ணெய்க்காக அந்தச் செலவைத் தாங்க எவரும் முன்வரவில்லை என்பதுதான் நடந்தது.

விடை பழைய சவர்க்காரத்துக்கே திரும்பியது. கச்சா எண்ணெயில் இயல்பாகவே அமிலங்கள் இருந்தால், காரத்தைச் செலுத்தினாலே பாறைக்குள் சவர்க்காரம் உண்டாகும். விலையுயர்ந்த மருந்து சிறிதளவு போதும். நீரைத் தடிப்பாக்கப் பாலிமரும் சேர்ப்பார்கள். குஜராத்தின் விராஜ் வயலில் 2002இல் ஓ.என்.ஜி.சி. இம்மூன்றையும் கலந்து சோதித்தது. ராஜஸ்தான் பாலையில் 2004இல் கண்டறியப்பட்ட மங்களா வயலிலும் பின்னர் இதே கலவை சிறு பரப்பில் செலுத்தப்பட்டு, நீருக்கு அசையாத எண்ணெய் மேலே வந்தது.