மந்திரி குமாரி (1950)

மந்திரி குமாரி, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்து 1950இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். கதை, வசனம் மு. கருணாநிதி, இசை ஜி. ராமநாதன்; இயக்கம் எல்லிஸ் ஆர். டங்கன், டி. ஆர். சுந்தரம். எம். ஜி. ராமச்சந்திரன், எம். என். நம்பியார், எஸ். ஏ. நடராஜன், மாதுரி தேவி, ஜி. சகுந்தலா ஆகியோர் முக்கிய வேடங்களில் நடித்தனர். இதை அரச கதைப் படங்களின் வரிசையில் வைப்பது வழக்கம். வாளையும் குதிரையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது வேறு கதை. ஒரு தகப்பன் செல்லம் கொடுத்துக் கெடுத்த மகன்; அவனைக் காப்பாற்றப் பொய் சொல்லி, பிறகு அவனுக்கே மனைவியான பெண்; இருவரும் போய்ச் சேரும் மலையுச்சி. குடும்பத்துக்குள்ளிருந்தே எழும் திகிலுக்குத் தமிழ்த் திரையின் முதல் செவ்வியல் எடுத்துக்காட்டு என்று இதைச் சொல்வதே பொருந்தும்.

மூலக்கதை

படத்தின் வேர் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான இந்தப் பௌத்த நூலை இயற்றியவர் நாதகுத்தனார். நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. 19 பாடல்களே எஞ்சியுள்ளன. இதற்கு மறுப்பாக எழுந்த சமண நூலான நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையால்தான் கதை நமக்குத் தெரிகிறது. எதிர்ச் சமயத்தார் எழுதிய உரையிலிருந்து ஒரு காப்பியத்தின் கதையை மீட்டெடுக்க வேண்டியிருப்பது தமிழ் இலக்கிய வரலாற்றில் வருத்தம் தரும் செய்திகளுள் ஒன்று.

வணிகர் குலத்துப் பெண் பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வன் காளனை மாடத்திலிருந்து பார்த்து மனம் பறிகொடுக்கிறாள். தந்தை அவனை மீட்டு அவளுக்கு மணம் செய்து வைக்கிறான். பின்னொரு நாள், ஊடலில், நீ கள்வன்தானே என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல் அவன் மனத்தில் தங்கிவிடுகிறது. அவளை மலைமேல் அழைத்துப் போய்த் தள்ளிக் கொல்லப் பார்க்கிறான். சாகுமுன் கணவனை வலம்வர வேண்டும் என்று கேட்டுப் பின்னால் வந்த பத்திரை, அவனைத் தள்ளிவிடுகிறாள். பிறகு துறவு பூண்டு, சமயவாதம் புரிந்து, இறுதியில் பௌத்தத்தை அடைகிறாள்.

பாலி மொழி மரபில் இவள் பத்தா குண்டலகேசா. தேரிகாதையில் இவள் பெயரில் பாடல்கள் உள்ளன. அங்கே கணவன் பெயர் சத்துகன். அரசனின் புரோகிதன் மகன். அவன் கொல்ல நினைப்பது அவள் அணிந்திருக்கும் நகைகளுக்காக. தமிழ்க் கதையில் கொலைக்குக் காரணம் புண்பட்ட தன்மானம். பொருளாசைக்காகக் கொல்பவனைவிட, ஒரு சொல்லைப் பல நாள் நெஞ்சில் வைத்திருந்து கொல்பவன் அதிகம் அச்சுறுத்துகிறான். மனத்தின் சிதைவைச் சொல்வதில் தமிழ் வடிவமே ஆழமானது. கருணாநிதியின் கதையில் கணவன் ராஜகுருவின் மகன். நாயகி வணிகர் மகளாக இல்லாமல் மந்திரியின் மகளாகிறாள். கொலைக்குக் காரணமும் மாறி அரியணை ஆசையும் இளவரசிமேல் உள்ள ஆசையுமாகிறது. இக்கதை முதலில் மேடை நாடகமாக இருந்து பிறகே திரைக்கு வந்தது.

கதையும் மனிதர்களும்

முல்லை நாட்டு அரசன் ராஜகுருவின் (நம்பியார்) சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். ஆனால் தளபதி பதவியை மட்டும் ராஜகுருவின் மகன் பார்த்திபனுக்கு (நடராஜன்) தராமல் வீரமோகனுக்கு (எம்.ஜி.ஆர்.) தந்துவிடுகிறான். ஏமாற்றமடைந்த பார்த்திபன் கொள்ளைக்காரனாகிறான். கொள்ளையை ஒரு கலை என்றே வாதிடுகிறான். இளவரசி ஜீவரேகாவுக்கு (சகுந்தலா) அவன் அனுப்பிய செய்தி மந்திரியின் மகள் அமுதவல்லியிடம் (மாதுரி தேவி) போய்ச் சேர, தனக்கே வந்ததென்று நம்பி அவள் காதல் கொள்கிறாள். வீரமோகன் பார்த்திபனைப் பிடித்துக் கொண்டுவருகிறான். வழக்கு அம்மன் சந்நிதிக்குப் போகிறது. அமுதவல்லி சிலைக்குப் பின்னால் ஒளிந்து, அம்மனின் குரலாகப் பேசி அவனைக் குற்றமற்றவனாக்குகிறாள். நாடு கடத்தப்படுபவன் வீரமோகன். இளவரசியும் அவனோடு போகிறாள்.

படத்தின் மையம் இந்தப் பொய்தான். தெய்வ வாக்கு என்று சபை நம்பியது ஒரு பெண்ணின் குரல் என்று காட்டியதில் திராவிட இயக்கத்தின் பகுத்தறிவுப் பார்வை தெரிகிறது என்பர். அது உண்மை. ஆனால் அந்தக் காட்சி அமுதவல்லிக்குச் செய்வதையும் கவனிக்க வேண்டும். காதலுக்காகச் சொன்ன பொய்யால் நிரபராதி ஒருவன் நாடிழக்கிறான். குற்றவாளி அவளுக்குக் கணவனாகிறான். திருந்திவிடுவதாகச் சொன்னவன் திருந்தவில்லை. ராஜகுருவோ அரசனைக் கொன்று மகனை அரியணையில் அமர்த்தத் திட்டமிடுகிறார். தான் புகுந்த வீடு எப்படிப்பட்டது என்று அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகவே புரிகிறது. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போன கணவனை அவள் தள்ளுவது உயிர் பிழைக்க மட்டுமல்ல. சந்நிதியில் சொன்ன பொய்யைத் தன் கையாலேயே அழிக்கிறாள். படம் அவள் பெயரைத் தாங்கி நிற்பது மிகச் சரி.

பார்த்திபனின் கேடு தகப்பனிடமிருந்து வந்தது. மகனின் தகுதியின்மையை ஏற்க மறுத்து, அவன் குற்றத்தையெல்லாம் மூடி மறைத்து, அதையே பாசம் என்று எண்ணிக்கொள்ளும் தந்தையாக நம்பியார் நடித்தபோது அவருக்கு வயது 31. நடராஜனின் நடிப்பு அதற்கும் மேல். பாசத்தோடு மனைவியை மலைமேல் அழைத்துச் செல்லும் ‘வாராய் நீ வாராய்’ பாடல் காட்சியில் எந்தப் பேயும் இல்லை, இருளும் இல்லை. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய இனிய மெட்டு அது. கேட்பவருக்கு அழைப்பின் பொருள் தெரியும் என்பதால் இனிமையே நடுக்கம் தருகிறது. ஹிட்ச்காக் 1941இல் எடுத்த ‘சஸ்பிஷன்’ படத்திலும் கணவன் கொலைகாரனோ என்ற மனைவியின் அச்சம் மலையோரச் சாலையில்தான் உச்சமடைகிறது. ஆனால் அங்கே அது வெறும் ஐயம், இங்கே உண்மை.

தயாரிப்பு

டி. ஆர். சுந்தரம் (1907–1963) திருச்செங்கோட்டைச் சேர்ந்தவர். இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நூல் வணிகக் குடும்பம். இங்கிலாந்து சென்று நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். முதலில் சேலம் ஏஞ்சல் பிலிம்ஸில் பங்கேற்றார். அண்ணியின் கொடுமையால் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிய நல்லதங்காள் கதையை அந்நிறுவனம் 1935இல் படமாக்கியது. ஆகவே குடும்பம் உடைந்து கொலையில் முடியும் கதை சேலத்துத் திரையுலகுக்குத் தொடக்கத்திலேயே பழக்கமானது. பின்னர் சேர்வராயன் மலையடிவாரத்தில், ஏற்காடு சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. முதல் மலையாளப் பேசும் படமான ‘பாலன்’ (1938) அவற்றுள் ஒன்று. கருணாநிதியை சுந்தரத்துக்கு அறிமுகப்படுத்தியவர் கவிஞர் கா. மு. ஷெரீப். டங்கன் அமெரிக்கர், 1936இல் ‘சதிலீலாவதி’ வழியாக எம்.ஜி.ஆரைத் திரைக்குக் கொண்டுவந்தவர். படம் முடியுமுன் அவர் தாய்நாடு திரும்பிவிட்டதால் எஞ்சியதை சுந்தரம் எடுத்து முடித்தார். எனவே படத்தின் இறுதி வடிவம் சுந்தரத்தினுடையது.

பிற்காலம்

படம் பெரும் வெற்றி பெற்றது, எம்.ஜி.ஆர்., கருணாநிதி இருவரின் ஏற்றத்துக்கும் துணையாயிற்று. பிள்ளைப் பருவத்துக் காயத்தால் கொலைகாரனானவனை ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), ‘மூடுபனி’ (1980) ஆகியவை பின்னர் நேரடியாகக் காட்டின. ஸ்டூடியோ இன்று இல்லை. அதன் நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் உள்ளது.