விஎம்/370: பிழைதேடும் கட்டளைகள்

பெருங்கணினியில் ஓடும் நிரலைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து பிழையைக் கண்டறிய உதவுபவை இக்கட்டளைகள். ஐபிஎம் 1972-இல் அறிவித்த விஎம்/370 இயங்குதளம், ஒவ்வொரு பயனருக்கும் தனி மெய்நிகர் கணினியைத் தந்தது. எனவே ஒருவர் தம் நிரலை நிறுத்திச் சோதித்தாலும் மற்றவர் வேலை தடைபடாது.

‘அட்ஸ்டாப்’ குறிப்பிட்ட முகவரியை எட்டியதும் நிரலை நிறுத்தும். ‘டிஸ்பிளே’ பதிவகங்களையும் நினைவகத்தையும் காட்டும். ‘ஸ்டோர்’ அவற்றின் மதிப்பை மாற்றும். ‘பிகின்’ ஓட்டத்தைத் தொடரும். ‘டிரேஸ்’ தாவல்கள், உள்ளீடு-வெளியீடு, குறுக்கீடுகள் ஆகியவற்றில் கேட்டதை மட்டும் வரிவரியாகப் பதியும். ‘டிரேஸ் எண்ட்’ அதை முடிக்கும்.

எடுத்துக்காட்டாக, பின்னலாடை ஆலையின் கூலிப் பட்டியலில் துண்டு எண்ணிக்கைக்கான இடம் வெற்றாக விடப்பட்டதாகக் கொள்வோம். வெற்றிடத்தின் பதினறுமக் குறியீடு 40. பதின்மக் கணக்குக்காகச் சுருக்கும்போது கடைசி 40 என்பது 04 ஆகிறது. கூட்டல்-கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் 4 செல்லாது. குறியீடு 7 கொண்ட தரவுப் பிழை எழுகிறது. ‘டிரேஸ் புரோகிராம்’ அந்தக் குறுக்கீட்டையும் அது எழுந்த முகவரியையும் காட்டும். அம்முகவரியைத் தொகுப்பியின் பட்டியலோடு ஒப்பிட்டால் பிழையான வரி கிடைக்கும்.