'முதல் பதிப்பு'ன்னு சொன்னா நம்பிடலாமா? ஆன்லைனில் பழைய புத்தகம் வாங்கும் முன் இதைப் பாருங்க!

மஞ்சள் படிந்த அட்டை, லேசாகச் செல்லரித்த ஓரம். கீழே ஒரு வரி: '1950-ல் வந்த முதல் பதிப்பு, அரிய நூல், ரூ.3,000'. ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் குழுவிலோ இப்படி ஒரு பதிவைப் பார்த்ததும் பணம் அனுப்பக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க.

சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் தீயில் அழியும் வரை, அங்கே புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த பிறகுதான் பேரமே தொடங்கும். ஆன்லைனில் புரட்ட முடியாது. அதற்கு ஈடாக விற்பவரிடம் நாம் கேட்க வேண்டியது, பதிப்பு விவரம் அச்சான பக்கத்தின் தெளிவான போட்டோ. அட்டைப்படம் மட்டும் போதாது.

அந்தப் பக்கத்தில் என்ன பார்க்கணும்?

பதிப்பு, ஆண்டு, விலை, பதிப்பகத்தின் முகவரி. ஆண்டு அச்சாகவில்லை என்றாலும் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும்.

* விலை: 1957 ஏப்ரல் 1-ல்தான் ரூபாய்க்கு 100 காசு என்ற முறை வந்தது. அதற்கு முன் 16 அணா கணக்கு. 'ந.பை.' என்றிருந்தால் அது நயா பைசா. 1957 முதல் 1964 வரை புழங்கிய பெயர்.
* முகவரி: 6 இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமானது. 'சென்னை-600 001' என்று அச்சாகியிருந்தால் அது 1950-ல் அச்சான பிரதி அல்ல.
* எழுத்து: ணை, லை, னை போன்றவற்றின் இன்றைய வடிவம் 1978 அரசாணைக்குப் பிறகே பரவலானது. 1950-ல் அச்சானதாகச் சொல்லும் நூலில் புது எழுத்து இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார்.
* ஐ.எஸ்.பி.என்.: இந்த எண் 13 இலக்கமானது 2007-ல். அதைப் பார்த்தால் புது அச்சு என்று முடிவு செய்துகொள்ளலாம்.

வருஷப் பெயரில் உஷார்!

பழைய நூல்களில் 'பிரபவ வருஷம்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். இந்தப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ என்றால் 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம். விற்பவர் பழைய ஆண்டையே சொல்வார். விலையும் முகவரியும் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வேறென்ன கேட்கணும்?

முதல் பக்கம், கடைசிப் பக்கம், முதுகுப் பகுதி, தையல் ஆகியவற்றின் போட்டோ. பக்கங்கள் முழுசா இருக்கா, பூச்சி அரித்திருக்கா, மறுபைண்டிங் செய்ததா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். நூலக முத்திரை இருந்தால், கழித்துக்கட்டிய நூல் என்பதற்கான குறிப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம்தான்.

பணம் போனால் திரும்ப வருமா?

தொழிலாக விற்பவர்களுக்கு 2020-ம் ஆண்டின் மின் வணிக விதிகள் பொருந்தும். வீட்டில் இருக்கும் பழைய புத்தகத்தை எப்போதாவது விற்கும் தனிநபருக்கு அவை பொருந்தாது. அதனால் தெரியாதவருக்கு முழுத் தொகையையும் முன்பணமாக அனுப்பாதீர்கள். 'ரீஃபண்ட் வரணும்னா யு.பி.ஐ. பின் போடுங்க' என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்க பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். கடை, நிறுவனம் மீதான புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

படிக்க மட்டும்தானா?

அப்படின்னா முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகத்தில் தேடுங்கள். ஏராளமான பழைய நூல்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. சேகரிப்பவர்களுக்கும் இது உதவும்: அதே பதிப்பின் ஸ்கேன் இருந்தால், விற்பவர் அனுப்பிய போட்டோவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடலாம்.

மறுஅச்சு வாங்குவது தப்பில்லை. மறுஅச்சுக்கு முதல் பதிப்பின் விலையைக் கொடுப்பதுதான் நஷ்டம். நேர்மையான விற்பனையாளர் அந்த ஒரு பக்கத்தின் போட்டோவை அனுப்பத் தயங்கமாட்டார். 'அதெல்லாம் எதுக்கு சார், நம்பி வாங்குங்க' என்று பதில் வந்தால், அந்தப் புத்தகத்தை விட்டுவிடுங்கள்.