உரிமமும் இசைவும்: வாடகைக் காரும் வசூல் பெட்டியும்

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் பேச்சில் வழங்கும் பிறமொழிச் சொற்களை நாம் திரட்டிவந்த நாள்களில், பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடை ஒன்றில் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரோடு உரையாட நேர்ந்தது. ‘உங்களிடம் உரிமம் இருக்கிறதா?’ என்று ஏட்டுத் தமிழில் கேட்டுவைத்தோம். அவர் சற்றே விழித்தார். பிறகு, ‘எத கேக்குறீங்கய்யா? லைசென்ஸ் என்னோடது. பெர்மிட் தவுக்கேயோடது’ என்றார்.

பிழை நம் வினாவில்தான் இருந்தது. ஓட்டும் தகுதிக்கு அரசு தரும் சான்று ஒன்று. ஒரு வண்டியைப் பொதுச் சாலையில் வாடகைக்கு விடத் தரும் இசைவு மற்றொன்று. அவர் இரண்டுக்கும் இரு சொற்களை வைத்திருந்தார். நம் எழுத்துத் தமிழோ இரண்டையும் ‘உரிமம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. கடன்சொற்களைக் களைவது நற்பணி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் இவ்விடத்தில் கடன்சொற்கள் காத்துநின்ற ஒரு வேறுபாட்டைத் தூய சொல் அழித்துவிட்டது. அந்த வேறுபாடு எத்தகையது, அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சற்று வரலாற்றோடு நோக்குவோம்.

1886ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இரயில் வந்து நின்றால் அதனின்று இறங்குவோர்க்கு வண்டி வேண்டும். குதிரை வண்டியும், மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவும், சுமையேற்றும் மாட்டு வண்டியும் நிலைய வாயிலில் கூடின. மாட்டு வண்டியோட்டிகளில் தமிழர் மிகுதி. 1890 மே மாதம் கோலாலம்பூரில் சுகாதார வாரியம் அமைக்கப்பட்டது. சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, சந்தை ஆகியவற்றோடு வாடகை வண்டிகளைப் பதிந்து இசைவளிக்கும் வேலையும் அத்தகைய வாரியங்களிடமே இருந்தது. வண்டிக்குச் சுகாதார வாரியம் ஏன் என்று இன்றைய மாணவர் வியக்கலாம். குதிரையும் மாடும் தெருவில் நின்றால் என்ன நேரும் என்பதை எண்ணினால் வியப்பு நீங்கும்.

இம்முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. இலண்டனில் 1654ஆம் ஆண்டிலேயே வாடகைக் குதிரை வண்டிகளுக்கு வரம்பு கட்டி ஆணை பிறந்தது. 1847ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பிற ஊர்களின் உள்ளாட்சியினர்க்கு அவ்வதிகாரத்தை அளித்தது. தெருவில் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1916இலும், வீடு வீடாகச் சென்று திரட்டுவதற்கான சட்டம் 1939இலும் அங்கு வந்தன. இன்றும் இங்கிலாந்தின் பல ஊர்களில் வாடகைக் காருக்கும் தெருவசூலுக்கும் உள்ளாட்சி மன்றத்தின் ஒரே பிரிவில் விண்ணப்பிக்கலாம். இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்தது தற்செயலன்று. முன்பின் அறியாத ஒருவர் பொதுச் சாலையில் நம்மிடம் காசு பெறுகிறார். அவர் யாரென்று நமக்காக அறிந்துவைக்க ஒருவர் வேண்டும். இரு இசைவுகளுக்கும் அடிப்படை இதுவே.

நம் நாட்டில் இரண்டும் உள்ளாட்சியின் மேசையை விட்டு நீங்கின. வாடகைக் கார் நடுவணரசின் கைக்குச் சென்றது. தீபகற்பத்தில் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வணிக வாகன உரிம வாரியமும், 2010ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையமும், 2019 முதல் அதன் வழிவந்த முகமையும் அப்பணியைச் செய்துவருகின்றன. நிதி திரட்டும் இசைவு காவல் துறையிடம் சென்றது. நகராண்மைக் கழகத்திடம் எஞ்சியவை வண்டி நிற்கும் இடமும், நிறுத்தக் கூரையும், தீபாவளிக்கு முன் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் போடும் தற்காலிகக் கடைகளுக்கான இசைவும் போன்றவையே.

‘டாக்சி’ என்ற சொல்லே காரைக் குறித்ததன்று. கட்டணம் அளக்கும் ‘டாக்சிமீட்டர்’ என்ற கருவியின் குறுக்கம் அது. ‘டாக்சா’ என்னும் இடைக்கால இலத்தீன் சொல்லுக்கு வரி, கட்டணம் என்று பொருள். மலாயில் வாடகையைக் குறிக்கும் ‘செவா’ நமக்கு அயலானதன்று. அது சேவை என்று நாம் வழங்கும் வடசொல்லே. தொண்டு கடல் கடந்து கூலியாகிவிட்டது! இசைவில்லாமல் ஆளேற்றும் காருக்கு மக்கள் இட்ட பெயர் ‘பிரெபெட் சாப்பு’. சாப்பு என்றால் பெருக்குதல். சாலையோரத்தில் நிற்பவரையெல்லாம் வாரிக்கொண்டு போவதால் அப்பெயர் என்பர். மக்களின் சொல்லாக்கத்திற்கு முன் கலைச்சொல் குழுக்கள் நாணவேண்டும். நாமும் அத்தகைய குழுக்களில் அமர்ந்தவர்தாம்.

இனி அவ்வோட்டுநர் கூறிய தவுக்கேயிடம் வருவோம். வண்டிகளுக்கான இசைவுகள் நிறுவனங்களிடம் பெருமளவில் குவிந்தபோது, ஓட்டுநர் நிறுவனத்திடம் நாள்தோறும் ஒரு தொகை கட்டிக் காரை எடுத்து ஓட்டும் முறை வேரூன்றியது. அதற்குப் பெயர் ‘பாஜாக்’. அடகுக் கடைகளின் பலகையில் ‘பாஜாக் காடாய்’ என்று நாம் அன்றாடம் காணும் சொல்தான் அது. முற்காலத்தில் அபினி, சூதாட்டம் முதலியவற்றின் வரி திரட்டும் உரிமையை அரசு தனியாருக்குக் குத்தகைக்கு விட்டதும் இச்சொல்லாலேயே குறிக்கப்பட்டது. வாடகைக் கார் பாஜாக்கின் இயல்பும் குத்தகையே. பயணியர் வந்தாலும் வாராவிட்டாலும் அன்றைய தொகையைக் கட்டியாகவேண்டும். பல ஒப்பந்தங்களில் ஆண்டுகள் கழிந்தபின் கார் ஓட்டுநருக்குச் சொந்தமாகும், இசைவு ஆகாது. தேய்ந்த கார் அவர்க்கு, தேயாத தாள் நிறுவனத்திற்கு. இதை உணர்ந்தே ஓட்டுநர்கள் பல்லாண்டுகளாகத் தனியாள் இசைவு கேட்டுப் போராடினர். 2016இல் ஆணையம் அறிவித்த சீர்திருத்தத் திட்டத்தில் பாஜாக்கிலிருந்து வெளியேற வழி ஏற்பட்டது. ஆனால் காலம் கடந்துவிட்டது. 2012இல் கோலாலம்பூரில் ‘மைடெக்சி’ என்ற பெயரில் தோன்றிய செயலி ‘கிராப்’ ஆகி வளர்ந்திருந்தது. 2017இல் திருத்தப்பட்ட சட்டத்தின்வழி மின்னழைப்புக் கார்களும் ஒழுங்குமுறைக்குள் வந்தன. அவற்றின் ஓட்டுநர்களும் பொதுச்சேவை ஓட்டுநர் உரிமம் பெறவேண்டும் என்ற விதி 2019இல் நடைமுறைக்கு வந்தது. தாளைக் குவித்துவைத்திருந்தோர்க்கும், தாளுக்காக ஏங்கிநின்றோர்க்கும் ஒருசேர அதன் மதிப்புக் குறைந்தது.

வசூலின் சொற்கள் இன்னும் சுவையானவை. மலாயில் நிதி திரட்டலை ‘குத்திப்பான் டெர்மா’ என்பர். டெர்மா என்பது தர்மமே. அறத்தின் பரப்பெல்லாம் சுருங்கி ஈகை மட்டும் அதில் எஞ்சியது. மலாய்க்காரர் சுருக்கிவிட்டார் என்று நாம் குறைகூற இயலாது. ‘தர்மம் போடுங்க’ என்று நம் கோயில் வாயிலில் கேட்பதும் அதே சுருக்கமே. ‘வசூல்’ அரபுச் சொல். வந்து சேர்ந்தது என்பது அதன் அடிப்பொருள். ‘உண்டியல்’ வணிகர் பணமாற்றுச் சீட்டாகத் தொடங்கிக் கோயில் காணிக்கைப் பெட்டியாயிற்று. ஊருக்குப் பணம் அனுப்பும் மறைமுக வழிக்கும் இந்நாட்டில் அப்பெயரே வழங்கியது. அப்பணிக்கும் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும்.

வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவது பற்றிய நம் சட்டம் 1947ஆம் ஆண்டில் பிறந்தது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னர்தான் நேதாஜியின் அழைப்பை ஏற்று மலாயா இந்தியர் பணமும் நகையும் கொடுத்திருந்தனர். கொடுப்பது இச்சமூகத்திற்குப் பழகிய செயல். சட்டத்தின் சொற்கள் தெருவையும் வீட்டு வாயிலையும் சுட்டுகின்றன. எனவே கோயிலுக்குள் நிலையாக நிற்கும் உண்டியல் ஒன்று. அதே கோயிலின் பெயரால் சாலைச் சந்திப்பில் நீட்டப்படும் தகரப் பெட்டி வேறொன்று. நம் மக்கள் இரண்டையும் ‘கோயில் காசு’ என்று ஒன்றாகவே கருதுவதால், பெட்டியை ஏந்துபவரிடம் தாள் கேட்கக் கூச்சப்படுகின்றனர். தெய்வத்தின் பெயரைச் சொன்னவரிடம் சான்று கேட்பது பாவம் என்ற எண்ணம் மோசடிக்காரர்க்குப் பெரிதும் உதவியிருக்கிறது.

நேர்மையான திரட்டலுக்கு 1950களில் இரு சான்றுகள் உண்டு. 1954இல் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகத்திற்காகத் திரிஷா ஓட்டிகள் ஒருநாள் மிதித்து வந்த வருவாயைக் கொடுத்தனர். வாடகைக் கார் ஓட்டுநர்களும் அவ்வாறே செய்தனர். அன்று அவ்வண்டியில் ஏறியவர் நீட்டிய காசு கட்டணமா, கொடையா? சட்ட மாணவர்க்கு நல்ல வினா. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பது அதன் முறை. 1956இல் தோன்றிய இந்தியவியல் துறைக்கு அந்நிதி துணைநின்றது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தோரின் வெள்ளியால் வாங்கிய நூல்களைத் தொட்டே இந்நாட்டில் பலர் தமிழ்ப் பட்டம் பெற்றனர். ஒரு வெள்ளிக்குக் கணக்குக் காட்டுவது எத்துணைப் பெரிய கடமை என்பதை அத்துறையில் பயின்ற எவரும் மறுக்கார்.

சொல்லுக்குத் திரும்புவோம். உரிமை என்ற வேரிலிருந்து ‘உரிமம்’ வந்தது. உரிமை நமக்கு உடைமையையும் பாத்தியதையையும் நினைவூட்டும். ‘லைசென்ஸ்’ என்பதன் இலத்தீன் வேருக்கோ ‘அனுமதிக்கப்படுதல்’ என்பதே பொருள். 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, உள்ளாட்சி மன்றம் அளித்த உரிமத்தைக் காரணம் கூறாமலே எந்நேரமும் மீட்டுக்கொள்ளலாம் என்கிறது. எந்நேரமும் பறிக்கத்தக்க ஒன்றுக்கு உரிமையின் சாயலுள்ள பெயரைச் சூட்டியிருக்கிறோம். அங்காடிக் கடைக்காரர் ஒருவர், ‘உரிமம் வைத்திருக்கிறேன், எப்படி எடுக்கலாம்?’ என்று கேட்பதில் சினம் மட்டுமன்று, மொழி செய்த மயக்கமும் இருக்கிறது.

ஆகவே நம் பரிந்துரை எளியது. ஓட்டுநர் தம் தகுதியால் பெறுவதற்கு ‘உரிமம்’ நிற்கட்டும். வண்டியை வாடகைக்கு விடவும், தெருவில் நிதி திரட்டவும், நடைபாதையில் கடை போடவும் பெறுவதை ‘இசைவாணை’ என்போம். தமிழகத்தில் இச்சொல் வழக்கில் உண்டு; புதிதாக ஆக்கவேண்டியதில்லை. ‘அனுமதிச் சீட்டு’ என்பாரையும் நாம் மறுக்கவில்லை. அது சினிமாக் கொட்டகை நுழைவுச் சீட்டை நினைவூட்டுகிறதே என்பதுதான் நம் தயக்கம்.

ஆசிரியர்க்கு இதில் நேரடித் தொடர்புண்டு. பள்ளிக் கட்டட நிதிக்காக மாணவர் கையில் நன்கொடை அட்டை கொடுத்து அனுப்பும் வழக்கம் நம் தமிழ்ப்பள்ளிகளில் நெடுநாளையது. அவ்வட்டையோடு வீட்டு வாயிலில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், ‘பெர்மிட் இருக்கா தம்பி?’ என்று ஒருவர் கேட்டால் அவன் என்ன சொல்வான்? சென்ற தீபாவளிக்கு முன் கிள்ளானில் நாமே அதைக் கேட்டோம். அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘டீச்சர்கிட்ட கேட்டுட்டு வரேன் தாத்தா’ என்று ஓடிப்போனான்.